பாசிச் சாறும் பவானியின் காய்ச்சலும்

அத்தியாயம் பதினொன்று

விமலன் சொன்ன பொய் ஆறு வாரத்தில் பெம்பான் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

திருவிழா அன்று கோயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என் தங்கச்சி டெங்கிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா. கடல் பாசியிலிருந்து." கூட்டம் கை தட்டியது. மலர்க்கொடி மேடையேறி அதே மைக்கை வாங்கி, "அண்ணன் ஆசையில சொல்றாரு. அது இன்னும் மருந்து இல்ல," என்றாள். கூட்டம் சிரித்தது. விமலன் சிரிக்கவில்லை. அன்னதானத்தில் உட்காராமல் வீட்டுக்குப் போனவன், அதன் பிறகு தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மலர்க்கொடிக்கு இருபத்தொன்பது வயது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவள் அவள் ஒருத்திதான். போக வைத்தவன் விமலன். ஐந்து வருஷம் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் அவளை ஜாசின் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அவனைத்தான் ஊர் முன்னால் திருத்தினாள்.

செய்தது சரி. அதில் சந்தேகமில்லை. ஆனால் சரியானதைச் செய்துவிட்டு ஆறு வாரமாக அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை உம்பாயிலிருந்து படகில் பூலாவ் பெசார் தீவுக்குப் போய், நீர் வற்றிய பாறைகளில் சிவப்புப் பாசியும் கடற்பஞ்சும் எடுத்து வந்திருந்தாள். கடற்பஞ்சு பார்ப்பதற்குச் செடி மாதிரி இருக்கும். உண்மையில் விலங்கு. ஓடாது, கடிக்காது. தன்னைக் காத்துக்கொள்ள உடம்புக்குள்ளேயே விஷம் காய்ச்சி வைத்திருக்கும். அந்த விஷங்களில் ஏதாவது ஒன்று டெங்கிக் கிருமியை மடக்குமா என்று தேடுவது அவள் வேலையில் பாதி.

மறு பாதி பாசி. அதை வேகவைத்தால் வழவழப்பான ஒரு சாறு இறங்கும். அந்தச் சாறு இருக்கும் இடத்தில் கிருமியால் உயிரணுவில் ஒட்ட முடியவில்லை. கண்ணாடித் தட்டில், குரங்கின் சிறுநீரக அணுக்களில் அவள் கண்டது இவ்வளவுதான். மனிதருக்குக் கொடுத்ததில்லை. எலிக்குக்கூட இல்லை.

மூன்று சிறு குப்பிகளில் அந்தச் சாறு அவள் கைப்பையில் இருந்தது. '12/7/96' என்று தேதி ஒட்டியிருந்தாள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டையும் ரத்தப் பரிசோதனையையும் பார்க்கும் டாக்டர் மனோரஞ்சிதம் அதைச் சோதித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். இதைக் கலந்தால் மனித ரத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நேர்வழி பெம்பான் அல்ல. அவள்தான் காரை அந்தப் பக்கம் திருப்பினாள். அண்ணன் மகள் பவானேஸ்வரி இந்த வருஷம் பி.எம்.ஆர். அரசுத் தேர்வு எழுதுகிறாள். அவளுக்கென்று வாங்கிய கணக்குப் பயிற்சிப் புத்தகம் ஒரு சாக்கு.

அண்ணன் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

கேட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து அண்ணி பாக்கியலட்சுமி ஓடி வந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லு."

"என்ன அண்ணி?"

"அம்மா வந்திருக்கா. பவானிக்கு. நாலு நாளாச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

"உங்க அண்ணன் வேணாம்னுட்டாரு." அண்ணி காரைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "கடலுக்குப் போயிட்டா வர்ற? காடியில என்ன?"

"பாசி. கடற்பஞ்சு."

"நெனச்சேன். நாலு நாளா இந்த வீட்டுல தாளிக்கல. உங்க அண்ணன் கடையில சாப்பிட்டு வந்தா குளிச்சிட்டுத்தான் படியேறுறாரு. நீ மீன் பாசாரையே தூக்கிட்டு வந்து நிக்கிற. அம்மா இருக்கிற வீட்டுக்குக் கவுச்சி ஆகாதுன்னு தெரியாதா?"

தெரியும். மலர்க்கொடி கேட்டுக்கு வெளியே ஓரடி நகர்ந்தாள்.

"கொப்புளம் நெறைய இருக்கா?"

"கொப்புளம் இல்ல. செவசெவன்னு இருக்கு. மணல்வாரிதான்."

"காய்ச்சல்?"

"அனலா அடிச்சுது. இன்னிக்குக் காலையில சுத்தமா விட்டுருச்சு." அண்ணியின் முகம் முதல் முறையாக இளகியது. "அம்மா மனசு குளுந்துட்டா. ஞாயித்துக்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்திரலாம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அம்மா இருக்கறப்ப ஊசி போடலாமா? படிச்சவ பேசுற பேச்சா இது?"

நாலு நாள் காய்ச்சல். கொப்புளமில்லாத சிவப்பு. ஐந்தாம் நாள் சட்டென்று விட்ட சூடு.

எந்தக் காய்ச்சலும் விட்டால் வீட்டுக்கு நிம்மதி. டெங்கியில் மட்டும் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். அன்றுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். பிள்ளை தேறிவிட்டது என்று வீடு நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை கால் சில்லிட்டுவிடும்.

அதை இப்போது சொன்னால் அண்ணி கேட்டைச் சாத்திவிடுவாள்.

"நான் உள்ள வரல அண்ணி. ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போறேன்."

அண்ணி யோசித்தாள். ஜன்னலுக்குத் தடை இருப்பதாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

பக்கவாட்டில் முள்வேலியை ஒட்டி நடந்து மலர்க்கொடி ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடிப் பலகைகள் திறந்திருந்தன. உள்ளே தரையில் பாயும் வேப்பிலையும். நடுவில் பவானி சுருண்டு கிடந்தாள்.

"அத்தை." குரல் மெலிந்திருந்தது. "அம்மா சொன்னது சரிதான். இங்க வரைக்கும் நாறுது."

"வயிறு வலிக்குதா?"

"ம். எப்படித் தெரியும்?"

"வாந்தி?"

"ரெண்டு தடவை. அம்மாகிட்ட ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன். ரெண்டுன்னா எளநியையும் நிப்பாட்டிருவாங்க."

"எந்திரிச்சு வந்து கையை வெளிய நீட்டு."

பவானி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கம்பிகளுக்கிடையே கை வந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் கை. ஆற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது.

மலர்க்கொடி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவள் முழங்கைக்கு மேல் சுற்றி இறுக்கினாள். நாடி நிற்காத அளவுக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேஜிக்கா அத்தை?"

"அஞ்சு நிமிஷம் அப்படியே இரு."

அண்ணி பின்னால் வந்து நின்றது தெரிந்தது. இருவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நிமிடம் முழங்கைக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. பிறகு நாலு. பிறகு கடுகை இறைத்த மாதிரி.

மலர்க்கொடி கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். சுற்றிலும் தோல் வெளுத்தது. புள்ளி போகவில்லை.

"அது என்னது?" என்றாள் அண்ணி.

"ரத்தம். தோலுக்கு அடியில கசியுது. இது மணல்வாரி இல்ல அண்ணி. டெங்கி."

"நீ இறுக்கிக் கட்டினே. அதான் வந்துச்சு."

"சரி. எனக்கும் கட்டுங்க. இதே துணி, இதே இடம். அஞ்சு நிமிஷம்."

அண்ணி கட்டினாள். கொஞ்சம் கோபத்தையும் சேர்த்தே கட்டினாள். மறுபடியும் நின்றார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து பவானி நிமிடத்தை எண்ணினாள். மூன்று. நான்கு. ஐந்து.

மலர்க்கொடியின் கையில் துணியின் மடிப்புத் தடம் மட்டும் இருந்தது. அண்ணி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் மகளின் கையைப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சே," என்றாள். இப்போது அது கேள்வியாக இருந்தது.

"விட்டதுதான் பயம். இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும். உடனே கிளம்பணும் அண்ணி."

"அம்மாவை வீட்டுல வச்சிட்டு எப்படி வாசல் தாண்டுறது? தண்ணி ஊத்தாம? குத்தமாயிரும்லா."

மலர்க்கொடி யோசித்துத்தான் சொன்னாள். "வச்சிட்டு ஏன் போகணும்? கூட்டிட்டுப் போவோம். வேப்பிலையை எடுத்துக்குங்க. நான் குளிச்சிட்டு வர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் வெளிக் குழாய். உடுத்திய துணியோடு அவள் குந்தி உட்கார, அண்ணி மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளியோடு தலையில் கவிழ்த்தாள். ஒரு வாளி போதாது என்று இரண்டாவதும் ஊற்றினாள். பிறகு தன்னுடைய பூப்போட்ட பாத்திக் கைலியையும் ரவிக்கையையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்தப் பெட்டி காடியில வரக் கூடாது," என்றாள்.

ஐஸ் பெட்டிக்குள் காலை முழுக்கச் சேர்த்தது இருந்தது. கடல் மறுபடி இவ்வளவு வற்ற இன்னும் இரண்டு வாரம் ஆகும். மலர்க்கொடி பெட்டியைத் தூக்கிப் போய்ப் பப்பாளி மரத்தடியில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஐஸ் கரைந்து எல்லாம் அழுகிவிடும்.

கைப்பையில் இருந்த குப்பிகளுக்கு வாசனை கிடையாது. அவற்றைப் பற்றி அண்ணி கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

வழியில் பவானி தாயின் மடியில் தலை வைத்துப் பின்சீட்டில் படுத்திருந்தாள். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அண்ணி அதைத் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். "மூணு," என்றாள் பவானி கண்ணைத் திறக்காமல்.

*

"முப்பத்தெட்டாயிரம்," என்றார் டாக்டர் மனோரஞ்சிதம்.

பவானியின் ரத்தத்தில் பிளேட்லெட் என்னும் தட்டணுக்களின் எண்ணிக்கை அது. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாதது. ரத்தம் உறைவதற்கு அவைதான் வேண்டும். நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டும் இருந்தது. கையில் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் அரைமணிக்கு ஒரு தடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். தலையணையைச் சுற்றிக் கிடந்த வேப்பிலையை அவள் கூட்டி எடுக்கப் போனபோது டாக்டர் மலாய் மொழியில் தடுத்தார். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"தலகாணிக்குக் கீழை வையுங்கோ. ஊசி ஏத்துற கையிலை மட்டும் படக் கூடாது. சரியோ?"

"சரிங்க டாக்டர்."

அவர் போனதும் அண்ணி மெல்லக் கேட்டாள். "இவங்க நம்ம ஆளா?"

"யாழ்ப்பாணத்துக்காரங்க."

"அதான். அதட்டினாக்கூட மரியாதையா இருக்கு."

மலர்க்கொடி அண்ணன் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போன் செய்து அவனுக்குச் செய்தி சொல்லச் சொன்னாள். பிறகு கீழே பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ஒரு குப்பியைக் கொடுத்தாள். ஆரோக்கியமான ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். மலர்க்கொடி கையை நீட்டினாள். அவள் ரத்தம் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இறங்கியது. ஒன்றில் வெறும் ரத்தம். இன்னொன்றில் பாசிச் சாறு இரண்டு சொட்டு.

"பத்து நிமிசத்திலை ரெண்டும் உறைய வேணும்," என்றார் டாக்டர். "பாப்பம்."

*

விமலன் இரண்டரை மணிக்கு வந்தான். தொழிற்சாலைச் சட்டையோடு வந்து மகளைப் பார்த்தான், சொட்டும் நீரைப் பார்த்தான். பிறகு மலர்க்கொடியை நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"மருந்து எங்க?"

ஆறு வாரத்தில் அவன் பேசிய முதல் வார்த்தைகள்.

"எந்த மருந்து?"

"வெளையாடாத. உன் பாசி மருந்து. எப்பவும் கூடவே வச்சிருப்பேல்ல."

"அது மருந்து இல்லண்ணே."

"கிருமியைத் தடுக்குதுன்னு நீதானே சொன்னே? தீபாவளிக்கு என் முன்னால உக்காந்து, கண்ணு மின்னச் சொன்னே."

"தட்டுல தடுக்குது."

"எம் மக உடம்புலயும் தடுக்கட்டும்." குரல் உயர்ந்தது. நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊர் முன்னால என்னைப் பொய்யனாக்கினே. சரி, பொய்யன்தான். இப்ப அதை உண்மையாக்கு. ஒரு வாய் குடு. யாருக்கும் தெரிய வேணாம்."

இரண்டு குப்பி இன்னும் பையில் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் அந்த எண்ணம் வந்தது. தட்டில் அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். கிருமி மட்டும் போட்ட குழிகளில் உயிரணுக்கள் செத்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். சாறு போட்ட குழிகள் முழுசாக இருக்கும். அதைக் கண்ட அன்று ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"என் கூட வாங்க," என்றாள்.

பரிசோதனைக் கூடத்தில் மரச்சட்டத்தில் அந்த இரண்டு குழாய்களும் நின்றன. டாக்டர் முதலாவதை எடுத்துக் கவிழ்த்தார். ரத்தம் அசையவில்லை. கெட்டியாக, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது உங்கட தங்கச்சியின்ரை ரத்தம்."

இரண்டாவதைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. மறுபடி சாய்த்தார். மறுபக்கம் ஓடியது.

"இதுவும் அவவின்ரைதான். பாசிச் சாறு ரெண்டு துளி. மூண்டு மணித்தியாலம் ஆச்சுது. இன்னும் உறையேல்லை."

விமலன் அந்தக் குழாயை வாங்கிக்கொண்டான். வெளிச்சத்தில் பிடித்தான். சாய்த்தான். ஓடியது.

"பவானிக்கு ஏற்கெனவே ரத்தம் உறையறது கஷ்டம்ணே," என்றாள் மலர்க்கொடி. "வாயில குடுத்தா வயித்துல என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. ரத்தத்துல ஏத்தினா இதுதான் ஆகும். எங்கயாவது கசிஞ்சா நிக்காது. இதையா குடுக்கச் சொல்றீங்க?"

விமலன் குழாயை மிகக் கவனமாகச் சட்டத்தில் திரும்ப வைத்தான். முட்டையை வைப்பதுபோல வைத்தான்.

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்துச்சு."

"மைக்கில நீ சொல்லாம இருந்திருந்தா," என்றான் விமலன், "எவனாவது உன்கிட்ட வந்து வாங்கிட்டுப் போயி புள்ளைக்குக் குடுத்திருப்பான்."

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு வருஷ வேலை வீணா?"

"இல்லண்ணே." இதைச் சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் சோர்ந்திருக்கவில்லை. "அது ஒரு நீளச் சங்கிலி மாதிரி. முழுசா இருக்கறப்ப ரத்தத்தையும் பிடிக்குது, கிருமியையும் பிடிக்குது. சின்னச் சின்னதா வெட்டிப் பாக்கணும். ஏதோ ஒரு அளவுல ரத்தத்தை விட்டுட்டுக் கிருமியை மட்டும் பிடிக்கலாம். எதை வெட்டணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எத்தனை நாளாகும்?"

"நாள் இல்ல. பத்து வருஷம். இருபதுகூட ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"பவானிக்கு?"

"பவானிக்கு அந்த உப்புத் தண்ணிதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளந்து ஏத்துறாங்க. நேரத்துல வந்துட்டோம்."

"நேரத்துல வந்துட்டமா?"

"வந்துட்டோம்ணே."

*

ஐந்து மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தட்டணு இன்னும் முப்பத்தாறாயிரத்தில் இருந்தது. ஆனால் கெட்டிப்பட்டிருந்த ரத்தம் இளகத் தொடங்கியிருந்தது. சிறுநீர் இறங்கியது. மலர்க்கொடி பவானியின் பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. நம்பாமல் மறு பாதத்தையும் தொட்டாள்.

"கூசுது அத்தை."

"பசிக்குதா?"

"நாசி லெமாக் வேணும்."

நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோறு என்றதும் அண்ணி வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு, "நெத்திலி இல்லாம," என்றாள்.

டாக்டர் மனோரஞ்சிதம் சீட்டைப் படித்துக் கட்டிலின் காலடியில் மாட்டினார். "நல்லாப் போகுது. இண்டைக்கு இரவும் நாளைக்கும் கவனமாப் பாக்க வேணும். அவசரப்படாதேங்கோ." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கேட்டார். "வீட்டிலை வேறை ஆருக்கும் காய்ச்சல் இருக்கோ? அதே கொசு மற்றவையையும் கடிச்சிருக்கும்."

"இல்லீங்க," என்றாள் அண்ணி.

விமலன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். வேலைக் களைப்பு என்றுதான் மலர்க்கொடி நினைத்திருந்தாள். எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டது.

நர்ஸ் கொண்டுவந்த வெப்பமானியில் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு செல்சியஸ்.

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலம்."

"ஏங்க சொல்லல?" அண்ணியின் குரல் உடைந்தது.

"ஒரு வீட்டுல ஒரு ஆள் படுத்தா போதும்னு பாத்தேன்."

"முறை வச்சுப் படுக்க இது என்ன ஷிப்டு வேலையா?" என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

டாக்டர் அவனுக்கும் படுக்கை எழுதினார். ஆண்கள் வார்டு, எதிர்ப்பக்கம். எழுதிவிட்டு மலர்க்கொடியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

அவள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கிருமி பழையது. வேறு நாட்டில், எப்போதோ ஒருவரிடம் எடுத்தது. பல ஆண்டுகளாகக் கண்ணாடிக்குள்ளேயே வளர்ந்து பழகியது. இந்த மண்ணில், இந்த மழையில் ஊர்க்காரர்களைப் படுக்க வைக்கும் கிருமியிடம் பாசிச் சாறு வேலை செய்யுமா என்று அவளுக்குத் தெரியாது. அதற்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் எடுத்த ரத்தம் வேண்டும். கிருமி அப்போதுதான் ரத்தத்தில் நிறைந்திருக்கும். பவானிக்கு அந்த நாள் கடந்துவிட்டது. அனுமதிக் கடிதம் எல்லாம் வாங்கி வைத்து எட்டு மாதமாக அப்படி ஒரு நோயாளிக்குக் காத்திருந்தாள்.

அது அண்ணனாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கேட்கவும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

"என்னமோ கேக்க நிக்கிற," என்றான் விமலன். "கேளு."

"ஒண்ணுமில்ல."

"சின்னதுலயும் இப்படித்தான். சப்பாத்து ஓட்டையாயிட்டா சொல்லாம ஒத்தக் காலைத் தூக்கிட்டு நிப்பே. கேளு லா."

அவள் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். அவனுக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை என்பதையும் சொன்னாள். வேண்டாம் என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்பதையும்.

அவன் கடைசிவரை கேட்டான்.

"அப்ப இத்தனை நாளா வெளியூர்க் கிருமியோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தியா?"

"ஆமா."

"நம்ம ஊரு ஆளு வேற மாதிரி இருப்பான்."

"இருக்கலாம்."

"உன் பாசி அவன்கிட்ட தோத்துட்டா?"

"தோத்துச்சுன்னு எழுதுவேன். அடுத்ததை எடுப்பேன்."

டாக்டர் படிவத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். விமலன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். ரப்பர் வார் கட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எவ்வளவு வேணும்?"

"ஒரு குழாய்ணே."

"ரெண்டா எடுத்துக்க. ஒண்ணு வழியில கெட்டுப்போனா சூசா, மறுபடி கஷ்டம்."

இரண்டு குழாய்களையும் மலர்க்கொடி ஐஸுக்குள் புதைத்து மூடினாள். ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிய புதுப் பெட்டி. இருட்டுவதற்குள் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கலாம். கிருமியைத் தட்டில் இறக்கி, பக்கத்துக் குழிகளில் பாசிச் சாற்றோடும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவள் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நேற்று மாலை தொடங்கிய காய்ச்சல். அவள் மனதுக்குள் எண்ணினாள். சனி, ஞாயிறு, திங்கள். அதற்கு மறுநாள்தான் காய்ச்சல் விடும் ஆபத்தான நாள்.

"எப்பத் தெரியும்?" என்றான் விமலன்.

"செவ்வாய்க்கிழமை."

"உன் தட்டுக்கா, எனக்கா?"

மலர்க்கொடி அவனை நேராகப் பார்த்தாள். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு எப்போதுமே வந்ததில்லை.

"ரெண்டுக்கும்தான் அண்ணே."

விமலன் தலையாட்டினான். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் அதில் உட்கார்ந்தான், எதிர் வார்டைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான்.

"அப்ப செவ்வாய்க்கிழமை வந்து சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."